மாஸ் எஃபெக்ட் மூணையும் முதல் தடவை ஆடப் போறவங்களுக்கு: எது தெரியணும், எது தெரியவே கூடாது

ஸ்டீம் சேல்ல மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன் விலை குறையும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் வாங்கிட்டு வந்து கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், வாக்த்ரூ, அதாவது படிப்படியா வழி சொல்ற கைடு, பாத்துட்டு ஆடணுமா பாக்காமலே ஆடணுமான்னு. ரெண்டுமே வேணாம்ங்க. இந்த கேம்ல ஒருத்தரை இழக்குறது ரெண்டு விதமா நடக்கும். நீங்க யோசிச்சு ஒரு முடிவு எடுத்து அதனால ஒருத்தர் போயிடுறது ஒரு விதம், அது வலிக்கும், வலிக்கட்டும், அதுக்காகத்தான் இந்த கேமையே ஆடுறோம். இன்னொரு விதம் இருக்கு, கேம் உள்ளுக்குள்ள ஒரு ரூல் வெச்சிருக்கும், அதை உங்ககிட்ட மூச்சு விடாது, நீங்க பாட்டுக்கு ஏதோ ஒரு சைடு மிஷனை முடிச்சுட்டு வந்தா அதுக்குள்ள பாதி பேர் காலி. இந்த ரெண்டாவது ரகத்தை மட்டும்தான் இங்க சொல்லப் போறேன். முதல் ரகத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டேன், நீங்களும் போய் தேடிப் பாக்காதீங்க.

கேம் பேரு மட்டும் கேள்விப்பட்டவங்களுக்கு ஒரு ரெண்டு வரி. கனடாவுல எட்மண்டன்ல இருக்குற பயோவேர் பண்ணின விண்வெளி ஆர்பிஜி, அதாவது ஒரு கேரக்டரா இருந்து நீங்களே முடிவெடுத்து ஆடுற கதை, முதல் பாகம் 2007, ரெண்டாவது 2010, மூணாவது 2012. மூணுலயும் ஒரே ஹீரோ, கமாண்டர் ஷெப்பர்ட், ஆணாவோ பெண்ணாவோ நீங்களே செஞ்சுக்கலாம். முதல் பாகத்துல நீங்க எடுத்த முடிவு சேவ் ஃபைலோட சேந்து ரெண்டுக்கும் மூணுக்கும் வரும், அதுதான் இதோட உயிர்நாடி. 2021ல மூணையும் மெருகேத்தி, தனியா வித்த கதை டிஎல்சி (கேமோட கூடுதல் பகுதி) கிட்டத்தட்ட எல்லாத்தையும் உள்ள போட்டு லெஜண்டரி எடிஷன்னு விட்டாங்க. பழசை தனித்தனியா வாங்கி டிஎல்சிக்கு அலையாதீங்க, இதையே வாங்குங்க. பிசில 120 ஜிபி கிட்ட இடம் கேக்கும், ஸ்டீம்ல வாங்கினாலும் ஈஏ ஆப் வழியாத்தான் ஓடும், அந்தக் கொடுமையை மட்டும் பொறுத்துக்கணும்.

ரெண்டாவது பாகத்துலேருந்து ஆரம்பிக்கலாமான்னு கேக்குறவங்க நிறைய. முதல் பாகம் பழசு, சண்டை மொக்கைன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. தாராளமா ஆரம்பிக்கலாம், ஒரு குட்டி காமிக்ஸ் மாதிரி கதை ஓடி முக்கியமான முடிவுகளை மட்டும் கேக்கும். ஆனா அப்படி ஆரம்பிச்சா ரெண்டாவது பாகத்துல ஒருத்தர் ஹெல்மெட்டைக் கழட்டுற இடம் உங்களுக்கு சும்மா ஒரு சீனாத்தான் போகும், முதல் பாகம் ஆடினவன் அந்த இடத்துல சீட்டை விட்டு எழுந்திருப்பான். முதல் பாகத்துலேருந்துதான் ஆரம்பிக்கணும், இதுல பேச்சுக்கே இடமில்ல.

கேரக்டர் செய்யுறப்போ

முகத்துக்கு ரொம்ப நேரம் செலவழிக்காதீங்க, மூக்கு சரியா வந்துச்சான்னு அங்க தெரியாது, முதல் கட் சீன்லதான் தெரியும். குரல் ரெண்டும் நல்லா இருக்கும், ஆண் ஷெப்பர்டுக்கு மார்க் மீர், பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேல். என் ஓட்டு ஜெனிஃபர் ஹேலுக்குத்தான், முதல் பாகத்துல மீர் கொஞ்சம் ஒப்பிக்கிற மாதிரி பேசுவார், மூணாவது வரும்போது பிரமாதமா ஆயிட்டார், ஹேல் முதல் வரிலேருந்தே அந்த ஆளாவே இருப்பாங்க.

கிளாஸ் ஆறு இருக்கு. துப்பாக்கி மட்டும் போதும்னா சோல்ஜர், தூரத்துலேருந்து ஸ்னைப்பர்ல அடிக்கணும்னா இன்ஃபில்ட்ரேட்டர், கையை ஆட்டினா எதிரி காத்துல பறக்கணும்னா அடெப்ட், இப்படிப் போகும். எனக்குப் பிடிச்சது வேன்கார்ட், ரெண்டாவது பாகத்துலேருந்து எதிரி மேலயே போய் மோதுற பவர் ஒண்ணு கிடைக்கும், அதுக்கப்புறம் கவர் பின்னாடி பதுங்குற வேலையே இல்ல. ஆனா கஷ்டமான டிஃபிகல்ட்டில அப்படி மோதினா மோதின இடத்துலயே செத்துருவீங்க, அதையும் சொல்லிடுறேன். முதல் தடவை நார்மல்ல ஆடுங்க. இன்சானிட்டிங்குற உச்சக்கட்ட கஷ்ட லெவல் எங்கயும் ஓடிப் போகாது.

எந்த ஊர்ல பொறந்தீங்க, ராணுவத்துல என்ன பண்ணீங்கன்னு ரெண்டு கேள்வி வரும், மனசுக்குப் பிடிச்சதைப் போடுங்க, கதை அதனால மாறாது, ஆனா அங்கங்க யாராவது ஒருத்தர் அதைப் பத்திப் பேசுவாங்க, அதுக்கேத்த சின்ன மிஷன் ஒண்ணு கூட வரும்.

பேச்சுதான் உங்க முதல் ஆயுதம்

டயலாக் வட்டம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுட்டா பாதி கேம் புரிஞ்ச மாதிரி. வலது பக்கம் இருக்குறது பேச்சை முன்னாடி நகர்த்தும், இடது பக்கம் இருக்குறது கூடுதலா விசாரிக்கிறது. வலது மேல நல்லவன் பதில், அதாவது பாரகன், வலது கீழ முரட்டுத்தனமான ரெனகேட் பதில். இடது பக்கம் நீலத்துலயோ சிவப்புலயோ ஒரு வரி வந்தா அது ஸ்பெஷல், எதிராளியை அப்படியே மடக்கிடும். வட்டத்துல எழுதியிருக்குறது ஒண்ணு, ஷெப்பர்ட் வாயிலேருந்து வர்றது இன்னொண்ணா இருக்கும் சில நேரம், குறிப்பா கீழ்ப்பக்கம் இருக்குற பதில்ல, சும்மா கொஞ்சம் கறாரா பேசலாம்னு அழுத்தினா ஆள் துப்பாக்கியை எடுத்து நீட்டியிருப்பார். ரெனகேட் பதில்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சேவ் போட்டுக்கோங்க.

இப்ப முதல் மறைஞ்ச ரூல். அந்த நீல சிவப்பு வரி திறக்குறது மூணு பாகத்துலயும் மூணு விதமா வேலை செய்யும், இதை கேம் எங்கயும் தெளிவா சொல்லாது. முதல் பாகத்துல சார்ம், இன்டிமிடேட்னு ரெண்டு ஸ்கில் இருக்கும், லெவல் ஏறும்போது அதுல பாயிண்ட் போட்டாத்தான் திறக்கும். சண்டைக்கே எல்லா பாயிண்டையும் போட்டுட்டு, ஒரு முக்கியமான ஆள் முன்னாடி நின்னு பேச்சுவார்த்தை நடத்த வழியில்லாம முழிக்கிறவங்க ஏராளம். ஏதாவது ஒண்ணை எடுத்து ஆரம்பத்துலேருந்தே ஏத்திட்டு வாங்க. ரெண்டாவது பாகத்துல அந்த ஸ்கில் கிடையாது, இதுவரைக்கும் கிடைச்சிருக்கக்கூடிய மொத்தத்துல நீங்க எவ்ளோ பாரகன் இல்ல ரெனகேட் சேத்தீங்கங்குற விகிதம்தான் கணக்கு, அதனால இங்க கொஞ்சம் நல்லவன் அங்க கொஞ்சம் கெட்டவன்னு கலந்து ஆடினா ரெண்டு பக்கமும் பத்தாம போயிடும். மூணாவதுல ரெண்டையும் கூட்டித்தான் பாக்கும், அங்க எப்படி வேணா கலந்துக்கலாம். ஆக மொத்தத்துல ரெண்டாவது பாகத்துல மட்டும் ஒரு பக்கமா நில்லுங்க. நடுவுல திரையில திடீர்னு நீல சிவப்பு ஐகான் மின்னும், பட்டனை அழுத்தினா ஷெப்பர்ட் பேச்சை வெட்டிட்டு ஏதாவது செய்வார், அதுல மட்டும் மனசு சொல்றதைச் செய்யுங்க, சிவப்புல சிலது செம காமெடி.

முதல் பாகம்

ஈடன் பிரைம் மிஷன் முடிஞ்சு சிட்டடல்னு ஒரு பிரம்மாண்டமான விண்வெளி நிலையத்துக்கு வருவீங்க, அங்கதான் முக்கால்வாசிப் பேர் கேமை விட்டுட்டுப் போறது. கால் வெச்ச இடமெல்லாம் ஒருத்தர் நிறுத்தி வேலை சொல்வாங்க, சண்டையும் அதிகம் கிடையாது, மேப் பாத்தா தலை சுத்தும். முதல் ரவுண்டுல எல்லாத்தையும் முடிக்கணும்னு நினைக்காதீங்க. மெயின் மிஷனை மட்டும் பிடிச்சுட்டுப் போங்க, கேரஸ், ரெக்ஸ், டாலி மூணு பேரும் வழியிலயே உங்க குழுவுல வந்து சேருவாங்க, ஸ்பெக்டர்னு ஒரு ஸ்பெஷல் ஏஜென்ட் பதவி கிடைக்கும், நார்மண்டின்னு சொந்தக் கப்பல் கிடைக்கும். அப்புறம் ஆற அமர திரும்பி வந்து மிச்சத்தைப் பாருங்க. ஒண்ணு மட்டும், ரெக்ஸை விட்டுட்டுக் கிளம்பவும் வழி இருக்கு, அப்படி கிளம்பிடாதீங்க.

ஆனா ஒரே ஒரு சின்ன வேலையை நீங்க பாத்தே ஆகணும்னு சொல்வேன். தூதரகப் பக்கம் இருக்குற பார்ல சமேஷ் பாட்டியான்னு ஒருத்தர் இருப்பார். ஈடன் பிரைம்ல செத்துப்போன ராணுவப் பெண் ஒருத்தங்களோட கணவர். மனைவி உடலைக் கொடுங்க, காரியம் பண்ணணும்னு கேக்குறார், ராணுவம் தர மாட்டேங்குது. சரி, நாம ஹீரோ ஆச்சே, போய் அந்த அதிகாரியைப் பிடிச்சு நாலு கேள்வி கேப்போம்னு போனா அவர் ஒண்ணும் வில்லன் கிடையாது, கெத்ங்குற ரோபோ இனத்தோட ஆயுதம் பட்ட காயம் எப்படி இருக்குன்னு அந்த உடலை வெச்சுத்தான் ஆராயுறோம், அதுலேருந்து கத்துக்கிட்டா நாளைக்கு நிறைய பேர் உயிர் பிழைப்பாங்கன்னு தயங்கித் தயங்கி சொல்வார். சண்டை கிடையாது, பரிசும் பெருசா ஒண்ணும் இல்ல, நாலு நிமிஷம்தான். ரெண்டு பேர் சொல்றதும் நியாயம், நடுவுல நீங்க. இந்த சீன்ல உங்களுக்கு எதுவுமே தோணலைன்னா இந்த கேம் உங்களுக்கு செட் ஆகாது, இப்பவே ரீஃபண்ட் போட்டுடலாம், நேரமாவது மிச்சம்.

கப்பல் கிடைச்சதும் கேலக்ஸி மேப்ல தீரம், ஃபெரோஸ், நொவேரியான்னு மூணு இடம் காட்டும். எந்த வரிசையில வேணா போகலாம்னாலும் தீரம் முதல்ல போங்க, அங்க லியாரா கிடைப்பா, மிச்ச கதை முழுக்க அவளுக்குப் பேச நிறைய இருக்கு. கடைசியா போனா பாவம் அவ ஷெப்பர்டைப் பாத்து இது பிரமைன்னு நினைச்சுக்குவா, அதுவும் ஒரு தமாஷ்தான், ரெண்டாவது ரன்ல பாத்துக்கோங்க.

ஒவ்வொரு பெரிய மிஷன் முடிஞ்சதும் கப்பல்ல ஒரு சுத்து சுத்தி எல்லார்கிட்டயும் பேசணும். இதை பழக்கமா வெச்சுக்கோங்க, மூணு பாகத்துலயும் இதுதான் வேலை. புதுசா பேச ஒண்ணும் இல்லைன்னா ரெண்டு வரில முடிச்சுப்பாங்க, ரெண்டாவது பாகத்துல கேரஸ் ஏதோ கேலிப்ரேஷன் பண்ணிட்டு இருக்கேன்னு சொல்லி துரத்திவிடுவான், அது உலகப் புகழ் பெற்ற மீமே ஆயிடுச்சு. அப்படி சொன்னா அடுத்த மிஷன் முடிச்சுட்டு வாங்கன்னு அர்த்தம். முதல் பாகத்துல லிஃப்ட் மெதுவா போகும், லெஜண்டரில அதை ஸ்கிப் பண்ண பட்டன் கொடுத்திருக்காங்க, அழுத்தாதீங்க. கூட வர்ற ரெண்டு பேர் அங்கதான் ஒருத்தரை ஒருத்தர் சீண்டிப்பாங்க.

இப்ப மாகோ. ஆறு சக்கர வண்டி, முன்ன பின்ன பாக்காத கிரகத்துல இறக்கிவிட்டுருவாங்க, செங்குத்தா மலை ஏறும், தலைகீழா உருளும். லெஜண்டரில ஓட்டுறது நிறைய சரி பண்ணியிருக்காங்க, அப்பவும் அதே மாதிரி பங்கர், அதே மாதிரி பெட்டி அடுக்குன்னு பத்து கிரகத்துக்கு மேல போனா கொட்டாவி வரும். எல்லாத்தையும் பண்ண வேணாம். கூட இருக்குறவங்க வாய் திறந்து கேக்குற உதவியை விடாதீங்க, ரெக்ஸோட குடும்பக் கவசம், கேரஸ் தேடிட்டு இருக்குற டாக்டர், டாலிக்கு வேண்டிய கெத் தகவல். அதுல ரெக்ஸோட கவசம் விர்மயர் மிஷனுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், ஏன்னு கேக்காதீங்க, முடிச்சுடுங்க. அட்மிரல் கஹோகுன்னு ஒருத்தர் தன் ஆட்களைக் காணோம்னு சொல்வார், அந்தக் கதையைப் பிடிச்சுட்டுப் போனா ரெண்டாவது பாகத்துல யார்கூட கூட்டு சேருறீங்கங்கறது உறுத்தும், உறுத்தணும். சிறுகோள் ஒண்ணு கிரகத்து மேல மோத வர்ற பிரிங் டவுன் த ஸ்கை டிஎல்சியும் முடிச்சுடுங்க. நம்ம நிலாவுல ஒரு கோளாறு பிடிச்ச கம்ப்யூட்டரை அடக்குற மிஷன் இருக்கு, வண்டியை நிறுத்திட்டு அண்ணாந்து பாத்தா வானத்துல பூமி தொங்கும், அந்த மிஷன் பத்தி மூணாவது பாகத்துல ஒரு பேச்சு வரும், அப்ப சட்டுன்னு புரியும். மிச்ச கிரகமெல்லாம் உங்க பொறுமையைப் பொறுத்தது.

சாமான் 150 தாண்டினா புதுசு எதுவும் எடுக்க முடியாது, அப்பப்ப குப்பைன்னு குறிச்சு ஆம்னிஜெல்லா மாத்திடுங்க, அவ்ளோதான் அதுல விஷயம்.

விர்மயர் பத்தி இவ்ளோதான் சொல்வேன், அதுக்கு முன்னாடி ஒரு தனி சேவ் போடுங்க, அங்க நடக்குறதுக்கு அப்புறம் அந்த சேவைத் திறக்காதீங்க.

ரெண்டாவது பாகம்

மூணுல எது பெஸ்ட்னு கேட்டா ஊர் முழுக்க இதைத்தான் சொல்லும், எனக்கும் அதுல மாற்றுக் கருத்து பெருசா இல்ல. மெயின் கதைன்னு பாத்தா ரொம்ப சின்னது, மனுசங்களைத் தூக்கிட்டுப் போற கலெக்டர்ஸை அடிக்கணும், அதுக்கு ஆள் சேக்கணும், அவ்ளோதான். ஆனா அந்த ஆள் சேக்குறதுதான் கேம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை, மனசுல ஒரு பாரம், அதைத் தீத்துவெச்சா லாயல்ட்டி கிடைக்கும். டாலியோட விசாரணை, மோர்டினோட பழைய ஆராய்ச்சி, சமாராவோட மகள், இதெல்லாம் சைடு மிஷன்னு பேருதான், தனித்தனி குறும்படம். ஒண்ணையும் விடாதீங்க.

இங்கதான் கேம் வாயே திறக்காத பெரிய ரூல் இருக்கு, நிதானமா படிங்க. நடுவுல ரீப்பர் ஐஎஃப்எஃப்னு ஒரு மிஷன் திறக்கும். திறந்த உடனே போயிடாதீங்க. கையில இருக்குற எல்லா லாயல்ட்டி மிஷனும், போக நினைச்ச சைடு மிஷனும் முடிச்சுட்டுத்தான் அதைத் தொடணும். ஏன்னா அதை முடிச்சதுக்கு அப்புறம் உள்ள ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. அங்க லீஜியன்னு ஒருத்தன் கிடைப்பான், அவனை உடனே எழுப்பி, பேசி, அவன் லாயல்ட்டி மிஷனை முதல் வேலையா முடிங்க. அதுக்கப்புறம் கப்பல்ல ஒரு சம்பவம் நடக்கும், நடந்த அடுத்த நிமிஷம் நேரா ஒமேகா 4 ரிலேவுக்கு, அதாவது கடைசி மிஷனுக்குப் போகணும். போற வழியில ஒரு மிஷன் ரெண்டு மிஷன் முடிச்சுட்டுப் போகலாம்னு இழுத்தா கப்பல் ஊழியர்கள்ல பாதிப் பேர் போயிடுவாங்க, இன்னும் இழுத்தா டாக்டரைத் தவிர ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க. அவசரம்னு எல்லா கேமும்தான் சொல்லும், நாம பாட்டுக்கு மீன் பிடிச்சுட்டு இருப்போம், இந்த ஒரு இடத்துல மட்டும் நிஜமாவே அவசரம்.

கப்பலுக்கு அப்கிரேட் மூணு முக்கியம், கவசம், ஷீல்டு, பெரிய பீரங்கி. ஜேக்கப், டாலி, கேரஸ் இவங்ககிட்ட பேசினா வழி கிடைக்கும். அதுக்குத்தான் கிரகம் கிரகமா ஸ்கேன் பண்ணி உலோகம் எடுக்கணும், மூணு பாகத்துலயும் இதைவிட போரடிக்கிற வேலை கிடையாது, ஒரு பாட்கேஸ்ட் போட்டுக் கேட்டுக்கிட்டே பண்ணுங்க, ரிச்னு காட்டுற கிரகத்துல மட்டும் எடுத்தா போதும், ஒரேயடியா சுரண்ட வேணாம். அப்கிரேட் பண்ணாம போனா என்ன ஆகும்னா, கடைசி மிஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆட்கள் சாக ஆரம்பிச்சுடுவாங்க.

ரெண்டு பேருக்கு நடுவுல சண்டை வரும், மிராண்டாவுக்கும் ஜாக்குக்கும் ஒண்ணு, டாலிக்கும் லீஜியனுக்கும் ஒண்ணு. ரெண்டு பேரோட லாயல்ட்டியும் போகாம தடுக்கணும்னா அந்த நீல சிவப்பு வரி வேணும், அதுக்குத்தான் ஒரு பக்கமா நில்லுங்கன்னு மேல சொன்னேன்.

இனி அந்தக் கடைசி மிஷன், தற்கொலை மிஷன்னு சொல்வாங்க. யாரை எந்த வேலைக்கு அனுப்பணும்னு பட்டியல் எல்லா இடத்துலயும் கிடைக்கும், அதைப் பாத்து ஆடுறது பரீட்சைக்கு பிட் அடிக்கிற மாதிரிதான், பாஸ் ஆயிடுவீங்க, ஆனா என்னத்த ஆடினீங்க? விடை எல்லாம் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு, கப்பல்ல சுத்திச் சுத்திப் பேசினீங்களே அதுல. குழாய்க்குள்ள புகுந்து கதவைத் திறக்க டெக் தெரிஞ்ச ஆள் வேணும்பாங்க, அப்ப ஜேக்கப் நான் போறேன்னு முன்னாடி வருவான், நல்ல பையன்தான், ஆனா அவன் ஒரு சிப்பாய், ஹேக்கிங்குக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? பெரிய பயோடிக் தடுப்பு, அதாவது மனசுச் சக்தியால ஒரு கவசம், போட ஆள் வேணும்னா எந்த பயோடிக்கும் பண்ணிடலாம்னு மிராண்டா சொல்வா, அந்தத் தோரணையைப் பாத்து சரின்னுட்டீங்கன்னா போச்சு. யார் பேச்சுல கெத்து இருக்குங்கறதை விடுங்க, யார் நிஜமாவே அந்த வேலையை முன்னாடி பண்ணிக் காட்டினாங்கன்னு யோசிங்க. தனிக் குழுவுக்குத் தலைவன் வேணும்னா, படை நடத்தின அனுபவம் யாருக்கு இருக்கு? ஒமேகாவுல ஒருத்தன் தனியா ஒரு கும்பலையே சேத்து வெச்சு நடத்தினானே. இப்படித்தான் ஒவ்வொண்ணும். எழுத்தாளர்கள் எழுதினதை நீங்க கவனிச்சுக் கேட்டீங்களான்னு அந்த ஒரு மணி நேரம் சோதிக்குது, இந்த மாதிரி ஒரு கடைசி லெவல் எனக்குத் தெரிஞ்சு வேற எந்த ஆர்பிஜியும் வெச்சதில்ல.

இதுல ரூல்னு மறைஞ்சிருக்குறது ஒண்ணே ஒண்ணு, அதை மட்டும் சொல்லிடுறேன். கடைசி பாஸ்கிட்ட நீங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போவீங்க, மிச்ச பேர் வாசல்ல நின்னு தாக்குப் பிடிப்பாங்க. அந்த வாசல்ல நிக்கிறவங்க பலத்தை சராசரி போட்டுத்தான் கேம் கணக்கு பண்ணுது. அதனால க்ரண்ட் மாதிரி அடிதடி ஆட்களை வாசல்ல விடுங்க, மோர்டின் மாதிரி உடம்பு தாங்காத ஆளுங்களை, காப்பாத்தின ஊழியர்களைக் கப்பலுக்கு கூட்டிட்டுப் போக ஒரு ஆள் கேக்கும்போது அனுப்பிடுங்க, இல்லைன்னா உங்ககூடவே வெச்சுக்கோங்க.

டிஎல்சி விஷயம். கசுமி சிட்டடல்லயும் ஸயீத் ஒமேகாவுலயும் கிடைப்பாங்க, சீக்கிரமே கூட்டிக்கோங்க. லேர் ஆஃப் த ஷேடோ புரோக்கர் மூணு பாகத்துலயும் டாப் டிஎல்சில ஒண்ணு, கடைசி மிஷனுக்கு முன்னாடியும் ஆடலாம் பின்னாடியும் ஆடலாம், பின்னாடி வெச்சுக்கிட்டா மனசுக்கு இதமா இருக்கும். அரைவல்னு ஒண்ணு ஹாக்கெட் மெசேஜ் அனுப்பி கூப்பிடுவார், எல்லாம் முடிஞ்ச அப்புறம் போங்க, அது முடியுற இடத்துலதான் மூணாவது பாகம் ஆரம்பிக்குது. அப்புறம் உங்க ரூம்ல மீன் தொட்டி இருக்கு, தீனி போட மறந்தா எல்லாம் செத்து மிதக்கும், நானும் எத்தனையோ பேரைப் பாத்துட்டேன், குழுவுல ஒருத்தரும் சாகாம முடிச்சேன்னு பெருமை பேசுறவன் தொட்டியில ஒரு மீன்கூட இருக்காது.

மூணாவது பாகம்

முதல் நிமிஷத்துலேருந்து எல்லாம் எரியும். ஆட்டம் மூணுலயும் இதுலதான் நல்லா இருக்கும், துப்பாக்கி கையில கனமா உக்காரும், பவர் ரெண்டு சேத்து வெடிக்க வைக்கிறது அடிக்க அடிக்க சலிக்காது. ஃப்ரம் ஆஷஸ் மிஷனை ஆரம்பத்துலயே முடிச்சு ஜாவிக்கைக் கூட்டிக்கோங்க, தெஸியா கிரகத்துக்குப் போகும்போது அவனை மறக்காம கூட்டிட்டுப் போங்க.

இங்க மறைஞ்ச ரூல் என்னன்னா சில மிஷன் காத்துட்டு இருக்காது. முக்கியமா க்ரிஸம் அகாடமி, வந்த உடனே போயிடுங்க, தள்ளிப் போட்டா அங்க இருக்குறவங்க கதை வேற மாதிரி ஆயிடும். பொதுவா பிரையாரிட்டின்னு பேர்ல ஆரம்பிக்கிற மிஷன்தான் கதையை நகர்த்தும், அது ஒவ்வொண்ணையும் தொடுறதுக்கு முன்னாடி மிச்சத்தை எல்லாம் காலி பண்ணிடுங்க. ரன்னோக் கிரகத்துல குறிப்பா, பிரையாரிட்டி மிஷனுக்கு முன்னாடி ரெண்டு சின்ன மிஷன் வரும், ஒண்ணு ஒரு அட்மிரலைக் காப்பாத்துறது, இன்னொண்ணு கெத் படை சம்பந்தப்பட்டது, ரெண்டையும் முடிச்சுட்டுப் போங்க. அங்க உங்களுக்கு எத்தனை வழி திறக்கும்ங்கறது ரெண்டாவது பாகத்துல டாலிக்கும் லீஜியனுக்கும் என்ன பண்ணீங்கங்கறதுலேருந்தே கணக்காகி வருது.

ஒவ்வொரு பிரையாரிட்டி மிஷனுக்கு அப்புறமும் சிட்டடலுக்கு வாங்க, வேலை இல்லைன்னாலும் வாங்க. அகதிகள் தங்குற டாக் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு அம்மா அப்பா அடுத்த கப்பல்ல வந்துடுவாங்கன்னு டூரியன்ங்குற வேற்றுகிரக இனத்துக் காவலர் ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு நிக்கும். நீங்க பேச முடியாது, பக்கத்துல நின்னு கேக்கத்தான் முடியும். அடுத்த தடவை வந்தா அதே பேச்சு இன்னும் கொஞ்சம் நகந்திருக்கும், அதுக்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம், அந்தக் காவலருக்கு விஷயம் புரிஞ்சுடும், அவர் அதை அவகிட்ட சொல்லாம வேற ஏதோ பேசுவார். மேப்ல இதுக்கு குறி எதுவும் கிடையாது, ஓடிட்டே இருந்தா தவற விட்டுடுவீங்க. போர்னா என்னன்னு ரீப்பர்ங்குற எதிரியோட பெரிய பெரிய கப்பல் காட்டாததை இந்த மூலை காட்டிடுச்சுன்னுதான் எனக்குப் படுது.

வார் அசெட்ஸ்னு ஒரு கணக்கு இருக்கு, அது எவ்ளோ ஏறுதோ முடிவு அவ்ளோ நல்லா இருக்கும். 2012ல இதுக்கு மல்டிபிளேயர் வேற ஆட வெச்சு உயிரை வாங்கினாங்க, லெஜண்டரில மல்டிபிளேயரே இல்ல, அதனால சைடு மிஷன் பண்ணினாலே போதும். முதல் ரெண்டு பாகத்தையும் ஒழுங்கா ஆடிட்டு வந்திருந்தா கவலையே பட வேணாம்.

மாட்டேன் மாட்டேன்னு இருந்தாலும் குறை ஒண்ணு சொல்லியே ஆகணும், காய் லெங்னு ஒரு வில்லன். நீங்க ஆட்டத்துல அவனை அடிச்சு நொறுக்கியிருப்பீங்க, கட் சீன் வந்ததும் ஷெப்பர்டுக்கு கை கால் விளங்காம போயிடும், அவன் ஜெயிச்சுட்டுப் போயிடுவான். எழுதினவங்க அவனை ஜெயிக்க வெச்சே ஆகணும்னு முடிவு பண்ணிட்டாங்க, அது அப்பட்டமா தெரியுது. முதல் பாகத்து வில்லன் சாரனை எழுதின அதே கம்பெனியான்னு இருக்கும்.

செர்பரஸ்ங்குற அமைப்போட தலைமையகத்தைத் தாக்குற மிஷன் வந்துட்டா திரும்ப முடியாது. அதுக்கு நேர் முன்னாடி சிட்டடல் டிஎல்சியை ஆடுங்க, கதைப்படி பாத்தா உலகமே அழியுற நேரத்துல பார்ட்டியான்னு தோணும், தோணட்டும். மூணு பாகம் கூட வந்தவங்க எல்லாரும் ஒரே வீட்டுல உக்காந்து கூத்தடிக்கிறாங்க, உயிரோட எத்தனை பேரைக் கொண்டு வந்தீங்களோ அத்தனை பேர் வருவாங்க, எல்லாரையும் கூப்பிடுங்க.

அப்புறம் அந்த முடிவு. 2012ல வந்தப்போ ஊரே கொந்தளிச்சது, ரசிகர்கள் வேற வேற கலர் கிரீம் போட்டு உள்ள ஒரே ருசியில கப்கேக் செஞ்சு பயோவேர் ஆஃபீஸுக்கே அனுப்பினாங்க, கலர்தான் மாறுது முடிவு எல்லாம் ஒண்ணுன்னு சொல்றதுக்காக. அந்த வருஷமே ஜூன்ல எக்ஸ்டெண்டட் கட்னு இலவசமா விட்டு கொஞ்சம் சரிக்கட்டினாங்க, லெஜண்டரில அதுதான் இருக்கு, அதனால அன்னிக்கு அவங்க பட்ட பாடு உங்களுக்கு இல்ல. இன்னும் எனக்கு முழு திருப்தி கிடையாது, ஆனா டச்சாங்கா, ரன்னோக்னு நடுவுலயே ஒவ்வொரு கதைக்கும் முடிவு வந்துட்டுதான் இருந்துச்சு, கடைசி பத்து நிமிஷத்தை மட்டும் வெச்சு மூணாவது பாகத்தை மொக்கைன்னு சொல்றவங்களோட நான் சண்டைக்கே வருவேன். கடைசியில தேர்வு பண்ற இடத்துல, அங்க சொல்ற எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு நடங்க.

மொத்தமா நூறு மணி நேரம் கிட்ட ஆகும். முடிச்சதும் அதே சூட்டோட 2017ல வந்த ஆண்ட்ரோமெடாவைத் தொடாதீங்க, அது வேற கேலக்ஸி, வேற ஆட்கள், சண்டை நல்லா இருக்கும், ஆனா நீங்க பக்கத்துல திரும்பி கேரஸைத் தேடிட்டு இருப்பீங்க. ஒரு மாசம் போகட்டும், சேல் எப்படியும் வரும்.